நானே போட்டுக்கொண்ட கோடு

என் நெஞ்சின் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் நின்ற கை மாதிரி. போகப் போக மறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது மறைவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மறைந்துவிட்டால் எழுதமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

நான் ஏழாவது வரைதான் படித்தவள். பொழிச்சலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கேன்சர் வந்து சரியானது தெருவில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், யாருக்காவது ரேடியேஷன் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான். "வலிக்குமாக்கா? சுடுமா?" வலிக்காது, சுடாது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். என் பயத்தால் ஒரு பெண்மணிக்குக் கெட்ட பெயர் வந்ததைச் சொல்வதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம், வெட்டிய துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்த சமயத்தில், குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. வலியே இல்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வர அரைமணி தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். இப்படிப்பட்டவள் கட்டியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. ரொம்பப் பயப்படுகிறவர்கள் ஓடமாட்டார்கள். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றேன். பிறகு முகூர்த்த ஜாக்கெட் முடியட்டும் என்றேன். பொங்கல் கழிந்துதான் போனேன். அதற்குள் பட்டாணி நெல்லிக்காய் ஆகியிருந்தது.

முதலில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு ஊசி விட்டுக் கட்டியிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பயாப்சி என்று பெயர். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் ஏழு ஜாக்கெட் தைத்தேன், ஏழும் பிரிக்கவேண்டி வந்தது. முடிவை வாங்கின அன்று என் வீட்டுக்காரர் சேகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப இருந்து இருந்திச்சு மல்லி?"

"ஒரு வாரமா," என்றேன்.

அது முதல் பொய். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் படம் இருந்தது. அதை உறைக்குள் போட்டார்.

மார்பை முழுதாக எடுக்கவில்லை. கட்டியையும் அக்குளில் சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கீமோ. கீமோ என்பது ரத்தக் குழாய் வழியாக மருந்தை ஏற்றுவது. அது உடம்பு முழுக்கப் போய்ப் புற்றின் விதைகளைத் தேடும். என் முடியையும் தேடி எடுத்துக்கொண்டது. முழங்கால் வரை பின்னல் போட்ட தலை எனக்கு. மூன்றாவது வாரம் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அதையெல்லாம் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு வைத்தது என் வீட்டுக்காரர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பீரோவுக்குள் இப்போதும் அந்தப் பை இருக்கிறது.

ஆவணி ஆரம்பத்தில் கீமோ முடிந்தது. மிச்சம் மீதி ஏதாவது அறுவைசிகிச்சை செய்த இடத்தில் ஒளிந்திருந்தால் அதையும் எரிக்க வேண்டும், அதற்குத்தான் ரேடியேஷன் என்றார் டாக்டர். பதினைந்து நாள். சனி, ஞாயிறு லீவு. காப்பீட்டு அட்டையில் பெரும்பகுதி அடங்கிவிட்டது, அந்த வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ஆஸ்பத்திரி தாம்பரம் தாண்டி இருந்தது. பொழிச்சலூரிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், பிறகு ஷேர் ஆட்டோ. ரேடியேஷன் பிரிவு தரைக்குக் கீழே. கதவே ஒரு முழம் கனம். அங்கேதான் ஸ்டெல்லா மேடத்தை முதலில் பார்த்தேன். மெஷினை இயக்குகிறவர். ஐம்பதை நெருங்கிய வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. இருபது வருடமாக இதே வேலை என்று பிறகு தெரிந்தது. சிரிக்கிற முகம் இல்லை.

முதல் நாள் சிகிச்சை கிடையாது, அளவெடுப்புதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு இடது பக்கம் என்பதால் இன்னொரு வேலையும் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பின்னால்தான் இதயம் இருக்கிறது. கதிர் இதயத்தில் படக்கூடாது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நெஞ்சு மேலே எழும்பும், இதயம் கொஞ்சம் விலகிக் கீழே போகும். அந்த விரல்கடை இடைவெளியில் கதிரை விட்டுவிடுவார்கள். வயிற்றின் மேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை வைப்பார்கள். ஒரு கேமரா அது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருக்கும். மூச்சு நழுவினால் கதிர் தானாக நின்றுவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் ஸ்டெல்லா மேடம் கறுப்பு மார்க்கரால் என் நெஞ்சின் நடுவிலும் இரண்டு விலாவிலும் கூட்டல் குறி மாதிரிக் கோடு போட்டார். சுவரிலிருந்து பச்சை வெளிச்சக் கோடு ஒன்று வரும். தினமும் அந்த வெளிச்சமும் இந்தக் கோடும் பொருந்த வேண்டும், அப்போதுதான் மெஷினுக்கு நான் சரியான இடத்தில் படுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

"எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது, பவுடர் கூடாது," என்றார். "கழுத்துக்குக் கீழ தண்ணி ஊத்தித் துணியால ஒத்திக்கங்க. கோடு மட்டும் அழியக் கூடாதும்மா. அழிஞ்சா மறுபடி ஸ்கேன்ல இருந்து ஆரம்பிக்கணும், தெரியுதா?"

"தெரியுது மேடம்," என்றேன். மறுபடி ஸ்கேனிலிருந்து என்ற அந்த ஒரு வாக்கியத்தை ரயிலில் வீடு வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு என் முறை. எனக்கு அடுத்து பாஷா பாய். பல்லாவரத்தில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், தொண்டையில் புற்று. முகத்தோடு அச்சு எடுத்த வலை மாதிரி ஒரு முகமூடியைப் போட்டு அவரை மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அவர் பேரை எழுதி அது அலமாரியில் தொங்கும். பாய்க்குப் பேசினால் வலிக்கும், ஆனாலும் பேசாமல் இருக்கமாட்டார்.

"உங்களுக்கு இன்னா குறைச்சல்க்கா, மூச்சப் புடிச்சா போதும்," என்பார் கரகரத்துக்கொண்டு. "என்னப் பாரு, மூஞ்சியவே புடிச்சி வெக்கறான்."

உள்ளே போனதும் ஸ்டெல்லா மேடம் வெளிச்சத்தையும் கோட்டையும் பொருத்துவார். பிறகு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கனத்த கதவு மூடும். முதலில் ஒரு படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள், பிறகுதான் கதிர். அந்தத் தனிமையில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். "மெல்ல இழுங்க. இன்னும் கொஞ்சம். பிடிங்க." பிறகு எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று வேகமாக எண்ணாமல், அரிசி அளந்து போடுகிற நிதானத்தில். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மூச்சைப் பிடித்தேன். முதல் ஒன்பது நாளும் ஒருமுறைகூட நழுவவில்லை. "தையல்காரம்மாவுக்கு நூல் பிடிக்கற கை, மூச்சும் பிடிபடுது," என்று ஒருநாள் சொன்னார். எனக்கு வகுப்பில் முதல் மார்க் வாங்கின மாதிரி இருந்தது.

ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. திங்கள் தீபாவளி. மூன்று நாள் இடைவெளி என்பதால் சிகிச்சை முடிந்ததும் ஸ்டெல்லா மேடம் மார்க்கரை எடுத்து, மங்கியிருந்த கோடுகளின் மேலேயே திரும்ப அழுத்திப் போட்டார்.

"தீபாவளி வருது. ஜாக்கிரதை," என்றார்.

தீபாவளி அன்று விடியற்காலை நான் எழுந்தபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஓமமும் மிளகும் போட்ட வாசனை. என் வீட்டுக்காரர் சின்னக் கிண்ணத்தோடு வந்தார். கீமோ முடிந்து இரண்டு மாதம், என் தலையில் அரை அங்குலத்துக்கு முடி முளைத்திருந்தது. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும்.

"எண்ணெய் கூடாதுங்க," என்றேன்.

"உடம்புக்குத்தான கூடாது? தலைக்கு ஒரே ஒரு சொட்டு. போன வருஷம் உனக்கு தலைல வெச்சேன், இந்த வருஷம் வெக்க முடி இருக்குமான்னு கீமோ சமயத்துல நெனச்சிகினே இருந்தேன். முடி வந்துகீதுல்ல. ஒரு சொட்டு மல்லி."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு அவர் முகம் மட்டும் காரணமில்லை. தீபாவளியும் அதுவுமாகத் தலையில் எண்ணெய் வைக்காமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கே உள்ளுக்குள் பயம். அவர் வைத்தது ஒரு சொட்டு இல்லை. அரை அங்குல முடியில் எண்ணெய் எங்கே நிற்கும். சூடாகக் கழுத்தில் வழிந்தது. சீயக்காயைத் தேய்த்துத் தலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவதாகத்தான் நினைப்பு. துண்டால் நெஞ்சைத் துடைத்தபோது துண்டு கறுப்பாக வந்தது.

நடுவிலிருந்த கோடு போய்விட்டது. இடது விலாவில் ஒரு நிழல் மட்டும். வலது பக்கம் முழுசாக இருந்தது.

குளியலறைக் கதவுக்கு வெளியே அவர், "புதுப் புடவை எடுத்து வெச்சிருக்கேன், சாமி ரூம்ல கீது," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் "சரிங்க" என்றேன்.

மறுபடி ஸ்கேனிலிருந்து ஆரம்பிக்கணும். அது மட்டும்தான் காதில் ஓடியது. ஒன்பது நாளும் வீணாகிவிடும். அவரிடம் சொன்னால், நான் வைத்த எண்ணெயால் ஆகிவிட்டது என்று அவர் சாப்பிடமாட்டார். தெருவில் வெடிச் சத்தம். நான் யோசித்தேன். யோசித்தது இதுதான்: கோடு போடுவது என் தொழில்தானே. முப்பது வருடமாகச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுகிறவள். ஒரு நூல் பிசகினது கிடையாது.

அவர் இனிப்பு கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனதும், அவருடைய மார்க்கரை எடுத்தேன். விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளின் மேல் ஊர்ப் பெயர் எழுதுவது அவர் வேலை. சட்டைப் பையில் ஒரு தடித்த கறுப்பு மார்க்கர் எப்போதும் இருக்கும். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, இஞ்சு டேப்பைப் பிடித்து, வலது பக்கக் கோட்டிலிருந்தும் நெஞ்சில் இருக்கிற மச்சத்திலிருந்தும் அளந்து, நடுவில் ஒன்று, இடது விலாவில் ஒன்று போட்டேன். அழகாகத்தான் வந்தது. அன்று இரண்டு லட்டு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேசையில் படுத்துக் கையைத் தூக்கினதும் ஸ்டெல்லா மேடம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு இன்னும் பக்கத்தில் பார்த்தார்.

"இது என் கோடு மாதிரி இல்லையே," என்றார் மெதுவாக. "வீட்ல ஏதாவது அழிஞ்சுதாம்மா?"

"இல்ல மேடம்."

"எண்ணெய் வெச்சீங்களா?"

"இல்ல மேடம்."

அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். பிறகு வெளியே போனார். கதவு மூடியது. படம் எடுக்கும் சத்தம் கேட்டது. "மூச்சை இழுங்க" என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி படம். பிறகு கதவு திறந்து ஸ்டெல்லா மேடமும் டாக்டரும் இன்னொருவரும் வந்தார்கள். கோட்டை நம்பிப் படுக்கவைத்தால் இடம் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதாம். அது விரல்கடை கணக்கில் நடக்கிற வேலை என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா.

"வெள்ளிக்கிழமை கோடு மேல கோடு போட்டது யாரு?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார். சரியாத்தான் போட்டேன்."

"சரியா போட்டா எப்படி நகரும்?"

"பேஷன்ட்டைக் கேட்டேன் சார். அழியலன்னு சொல்றாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கியபடி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் அளவு கொடுக்க வருகிற எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கையைத் தொங்கவிட்டு அளவெடுத்த ஜாக்கெட் கையைத் தூக்கினால் ஏறத்தான் செய்யும் என்று. நின்றுகொண்டு, கையைக் கீழே விட்டு, கண்ணாடியைப் பார்த்து நான் போட்ட கோடு, படுத்துக் கையைத் தூக்கினதும் தோலோடு சேர்ந்து ஏறியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. படத்தைப் பார்த்து மேசையை நகர்த்திச் சரிசெய்து, புதுக்கோடு போட்டு, சிகிச்சையைக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை மெஷின் அறையில் வேறு ஒரு மேடம் இருந்தார். வெளியே பெஞ்சில் பாஷா பாய்தான் சொன்னார்.

"ஸ்டெல்லாம்மாவ ஃபைல் ரூம்ல போட்டுட்டாங்கக்கா. யாருக்கோ கோட்ட தப்பா போட்டுச்சாம். விசாரணையாம். அடுத்த மாசம் இன்சார்ஜ் ஆகவேண்டிய பொம்பள, பாவம்."

யாருக்கோ. பாய்க்கு அது நான் என்று தெரியாது. என் கையில் அவர் கொடுத்த பேரீச்சம்பழம் இருந்தது.

அன்று மூச்சு பிடிபடவில்லை. புது மேடம் நல்ல மாதிரிதான், குரலும் இனிமைதான். ஆனால் அவர் எண்ணவில்லை. பாதியில் நெஞ்சு நடுங்கி மூச்சு நழுவும், கதிர் நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து. வியாழக்கிழமை இன்னும் மோசம். ஐந்து தடவை நின்றது. எனக்காக வெளியே பாஷா பாயும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு அங்கியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"பத்து நாள் நல்லா பிடிச்சீங்க. இப்ப என்ன ஆச்சு மல்லிகாம்மா? சளி இருக்கா? வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஸ்டெல்லா மேடம் வருவாங்களா சார்?"

"அது எங்க ஆபீஸ் விஷயம். நீங்க அதை நினைக்க வேண்டாம்."

"அந்தக் கோட்டை நான்தான் சார் போட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், துண்டு, மார்க்கர், மச்சம், இஞ்சு டேப். சொல்லும்போது அழவில்லை. அழுதால் மன்னித்துவிடுவார் என்று தோன்றியது, அது கூடாது என்றும் தோன்றியது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பீங்கன்னு பயம் சார்."

"ஆரம்பிக்கலையே. அழிஞ்சா திரும்பப் போட எங்ககிட்ட படம் இருக்கு, கணக்கு இருக்கு." அன்றைக்கு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். "உங்க கோட்டை நம்பிக் கதிரை விட்டிருந்தா படக்கூடாத இடத்துல பட்டிருக்கும். அன்னைக்குப் படத்தைப் பார்த்து, இது சரியில்லன்னு நிறுத்தி, எனக்கு போன் பண்ணது யாரு தெரியுமா?"

தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று நின்றேன்.

"ஸ்டெல்லா."

எழுதிக் கொடுக்க முடியுமா, இரண்டு வரி போதும் என்று ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவளுக்கு இரண்டு வரி என்பது பெரிய தூரம். பாய் எட்டிப் பார்த்தார். மூன்றாவது வார்த்தையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பேரீச்சம்பழ டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் எழுதியது இது: தீபாவளி அன்று நானே எண்ணெய் தேய்த்துக் குளித்ததால் கோடு அழிந்தது. நானே மார்க்கரால் திரும்பப் போட்டேன். கேட்டபோது பொய் சொன்னேன். ஸ்டெல்லா மேடம் மேல் தப்பு இல்லை.

அதிலும் ஒரு பொய் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

பதினான்காவது நாள் ஸ்டெல்லா மேடம் மெஷினுக்குத் திரும்பி வந்தார். நான் முன்னாலேயே ஒரு வரி யோசித்து வைத்திருந்தேன், உங்களுக்கு ஒரு ஜாக்கெட் நான் தைத்துத் தரவேண்டும் என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். நல்லவேளை. ஒரு ஜாக்கெட்டில் தீர்கிற விஷயமா அது.

"மன்னிச்சிருங்க மேடம்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் வெளிச்சத்தைக் கோட்டோடு பொருத்திக்கொண்டே பேசினார். "இருபது வருஷத்துல எம்மேல ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது. மூணு நாள் ஃபைல் ரூம்ல உக்காந்து, எப்படித் தப்பா போட்டேன்னு நானே என்னைக் கேட்டுட்டிருந்தேன். ஒரு கட்டத்துல நான்தான் தப்பா போட்டேன்னு நானே நம்பிட்டேன். அதுதாம்மா எனக்குக் கஷ்டம்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. வெளியே போனார். கதவு மூடியது. படம் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒலிபெருக்கியில், "மெல்ல இழுங்க. இன்னும் கொஞ்சம். பிடிங்க." எண்ண ஆரம்பித்தார். அதே நிதானம். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கையை இறக்கக்கூடாது என்பதால் அப்படியே விட்டேன். மூச்சு நழுவவில்லை.

பதினைந்தாவது நாள் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இனி சோப்புப் போட்டுக் குளிக்கலாம், கோடு போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. தீபாவளி அன்னைக்கு..."

"துண்டுல கறுப்பா இருந்திச்சு," என்றார். "பார்த்தேன். மார்க்கர் மூடியும் சரியா மூடல."

"அப்ப ஏங்க கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிவி போடவே இல்லை.

"நான் வெச்ச எண்ணெயால உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இன்னா பண்றதுன்னு கேக்கவே பயமா இருந்திச்சு," என்றார் பிறகு. "நீ நல்லா போய்கினு வந்துகினு இருந்த. சரி, ஒண்ணும் ஆவலன்னு விட்டுட்டேன்."

"ஆச்சுங்க," என்றேன். "நமக்கு ஆகல." ஸ்டெல்லா மேடத்தின் கதையைச் சொன்னேன். தாளில் நான் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பயந்தவள் நான் மட்டும்தான் என்று இருபத்தாறு வருடமாக நினைத்திருக்கிறேன். இன்னொருவர் பக்கத்திலேயே சத்தமில்லாமல் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிந்திருக்கும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அதேதான். கட்டி பட்டாணியாக இருந்தபோதே சொல்லியிருக்கலாமே என்பதையும் அன்றுதான் அவரிடம் சொன்னேன். ஒரு வாரமில்லை, மூன்று மாதம் என்று. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். டாக்டர் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஸ்டெல்லா மேடம் மெஷின் அறை வாசலில் நின்றிருந்தார். இப்போது அவர்தான் இன்சார்ஜ். ஒரு மாதம் தள்ளிக் கிடைத்ததாம்.

"மேடம், எண்ணெய் வெச்சது நான். இவ வேணான்னுதான் சொன்னா," என்றார் இவர், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற மாதிரி. "அழிஞ்சது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?" என்றார்.

"ஆமா மேடம்."

"சாப்பாடு நல்லா இருக்கா, உப்பு போதுமா, இதெல்லாமாவது பேசிக்குவீங்களா?"

எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஆனால் என் தலையைப் பார்த்தார். முடி ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. "நல்லா வந்திருக்கு," என்றார். அவ்வளவுதான்.

அதற்குள் அளவெடுப்பு முடிந்து ஒரு பெண் அங்கியோடு வெளியே வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கழுத்துப் பக்கம் புதுக்கோட்டின் நுனி தெரிந்தது. அதைத் தொடப் பயந்து கையை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா மேடம் அவளிடம் போனார். எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது, பவுடர் கூடாது. எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அடுத்த வரிக்காக நான் நின்றேன்.

"அழிஞ்சா அழியட்டும்மா. வேர்வைல போவும், மறந்து தேச்சிடுவீங்க, எதனாலயோ போவும். இங்க வந்து சொல்லுங்க, நாங்க திரும்பப் போட்டுக்கறோம். யாரும் திட்ட மாட்டோம். நீங்களா மட்டும் போட்டுக்காதீங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்த மார்க்கரை மெதுவாகக் கையால் மறைத்துக்கொண்டார்.